பெடு ஏரியில் அக்கா சொன்னது

1

முதலில் ஓர் ஒப்புதல். யானைகளைப் பார்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யானைகளை மட்டும் எழுதிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. படகில் அக்காவும் இருந்தாள்.

'மலைகளுக்கு நடுவே நீலப் பட்டாக விரிந்து கிடந்த பெடு ஏரி...'

(வேண்டாம். பட்டும் இல்லை, நீலமும் இல்லை. கரும்பச்சையாக இருந்தது.)

மறுபடியும். என் பெயர் யோகேந்திரன். பீடோங்கில் ஒரு பள்ளியில் கிராணி, அதாவது எழுத்தர். என் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சனியும் ஞாயிறும்தான் என்னுடைய நாள்கள்.

இதுவே இருக்கட்டும்.

2

பிரேமாவதி அக்கா கரங்கானில் இருக்கிறாள். அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று போன மாதம் முடிவு வந்தது. அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டால் அது கேள்வியாக இருக்காது, கட்டளையாகிவிடும்.

திடீரென்று ஒருநாள் போன் செய்தாள்.

"தம்பி, சனிக்கிழம பெடு போவோம்லா. ரூம் போட்டுட்டேன்."

"என்னக்கா திடீர்னு?"

"சும்மாதான்டா. காடி நானே ஓட்டுறேன்."

(இங்கே என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். அக்கா எதையும் சும்மா செய்கிறவள் இல்லை.)

வழியெல்லாம் பாட்டுப் போட்டாள். கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்கள் தாண்டி, வயல் தாண்டி, மலை ஏறி, ஒரு வளைவில் ஏரி முழுதாகத் தெரிந்தபோது பாட்டை நிறுத்தினாள். இருவரும் இறங்கி நின்றோம். எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தண்ணீர். பொறாமைகூட வரவில்லை. அத்தனை பெரிது.

3

ஞாயிறு காலை. பனி கலையவில்லை. படகோட்டி சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினார்.

"டியாம், டியாம்," என்று உதட்டில் விரல் வைத்தார். பிறகு மெதுவாக, "காஜா."

கறுப்புப் பாறைகள் நகர்ந்து வந்தன. நான்கு. பாறைகளுக்கு முன்னால் தும்பிக்கை நுனிகள். யானைகள் ஏரியை நீந்திக் கடந்துகொண்டிருந்தன. அவை மூச்சுவிடும் ஒலி தண்ணீர்மேல் தவழ்ந்து வந்து எங்கள் படகில் தட்டியது. நடுவில் ஒரு குட்டி. அது அமிழும்போதெல்லாம் பக்கத்தில் வந்த பெரியது

(இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். தாய் குட்டியைத் தாங்கியது என்று எழுதினால், நான் எதையோ கேட்கிறேன் என்று அக்கா நினைப்பாள். இதை அவள் படிப்பாள். ஆனால் தாங்கத்தான் செய்தது. நான் என்ன செய்ய?)

தாங்கியது. உடம்பைச் சாய்த்து, குட்டியை மேலே தள்ளியது. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். பயத்தில் பிடித்தாளா, வேறெதற்கா தெரியாது. கரையேறிய யானைகள் நீரை உதறிவிட்டுக் காட்டுக்குள் போயின. படகோட்டி இயந்திரத்தை மறுபடி முடுக்கினார்.

4

முடிவு ஒன்று: அக்கா அழுதபடி, "தர்றேன்டா" என்கிறாள். (யானைகளை இப்படி வேலைக்கு வைக்கக் கூடாது.)

முடிவு இரண்டு: "என்னால முடியாதுடா" என்கிறாள். நான் மன்னிக்கிறேன். (மன்னிக்க நான் யார்? அது அவளுடைய உடம்பு.)

முடிவு மூன்று: நான் முந்திக்கொண்டு, 'உன்னுடையது எனக்கு வேண்டாம் அக்கா' என்று

(பொய். எனக்கு வேண்டும். உயிரோடு இருக்க ஆசை.)

5

நடந்தது இதுதான். படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து அக்கா காலைத் தண்ணீரில் விட்டாள்.

"கத எழுதுவியா?"

"எழுதுவேன்னு நெனைக்கிறேன்."

"இப்ப ஒண்ணு சொல்லப்போறேன். அத மட்டும் எழுதாத. சரின்னா என்னக் கும்பிடுவாங்க, இல்லன்னா ஏசுவாங்க. ரெண்டுமே எனக்கு வேணாம்லா. சத்தியம் பண்ணு."

செய்தேன்.

அவள் சொன்னாள். ஒரே சொல். குரல் நடுங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் காலைத் தண்ணீரில் விட்டேன். குளிர்ந்தது.

அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று நீங்கள் இந்நேரம் முடிவுசெய்திருப்பீர்கள். அது உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து என் அக்காவைக் கும்பிடாதீர்கள், ஏசவும் செய்யாதீர்கள்.