படகுக் கொட்டகையின் சொத்தைப் பலகைகள்

ஏரிக்கரை வரலாற்றுச் சங்கத்தில் மொத்தம் நாலே பேர். அதிலும் ஒருத்தர் படுக்கையில். மிச்சம் மூணு பேரில் பல் டாக்டர் செயலாளர், அவர் மச்சான் பொருளாளர், முன்னாள் பஸ் டிரைவரான 'பிரேக்கு' உறுப்பினர். பிரேக்கை எதற்காவது கையைத் தூக்கச் சொன்னால் முதலில் "நில்லுங்க" என்பார். அதனால்தான் அந்தப் பேர்.

படுக்கையில் இருப்பவர்தான் தலைவி, டாக்டரின் மனைவி. கரையில் இருக்கும் பழைய படகுக் கொட்டகையை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று நகரசபை கிளம்பியபோது, ஊரே வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. இந்த அம்மா மட்டும் கையில் குடையோடு கொட்டகை வாசலில் போய் நின்றாள். "இடிக்கணும்னா முதல்ல என்மேல ஏத்துங்கடா" என்றாள். வந்த மெஷின் வந்த வழியே போனது. சங்கம் பிறந்தது அன்றைக்குத்தான். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அந்த அம்மா ஏணியில் ஏறி, மேல் படியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டது அடுத்த மழைக்கு.

அதற்கப்புறம் அவளுக்கு உலகம் மாடி அறைக் கட்டில்தான். ஜன்னல் வழியாக ஏரி தெரியும், கொட்டகையின் கூரை தெரியும். அது போதும் என்பாள்.

நகரசபை ஒரே ஒரு இரக்கம் காட்டியது. தொல்பொருள் துறையிலிருந்து ஆள் வந்து, இது பழைய கட்டடம்தான் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் மறுநாளே இடிப்போம் என்றது. ஆள் எப்போது வருவார் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். அதுவரை கொட்டகை நிற்க வேண்டுமே! டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலை நடந்தது. எந்தப் பலகை உளுத்திருக்கிறதோ அதைக் கழற்றி, அதே அளவில் புதுசு அறுத்து, அதே சாயம் பூசி மாட்டுவார்கள். லேசாக அரித்ததைக்கூட டாக்டர் விடமாட்டார். "சொத்தைன்னா சொத்தைதான். விட்டு வச்சா பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும்" என்பார். ஆயுசு பூரா பல் பிடுங்கிய கை, சும்மா இருக்குமா? கழற்றியதை மச்சான் பிளந்து அடுப்பில் வைத்து எல்லோருக்கும் டீ போடுவான். எதையும் வீணாக்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

சாயங்காலம் டாக்டர் மாடிக்குப் போய் அறிக்கை வாசிப்பார்.

"இன்னைக்கு மேற்குச் சுவர் முடிஞ்சுது."

"பழைய மாதிரியே இருக்குதாங்க?"

"அச்சு அசல். நீயே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டே."

கழற்றிய பலகை எங்கே என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மூன்று பேருக்கு மூன்று தலை இருந்தும் ஒரு தலைக்காவது உறைக்க வேண்டாமா? கடவுளே!

ஒருவழியாகத் துறையிலிருந்து ஆள் வந்தது. சின்னப் பெண், கையில் டார்ச்சும் ஊசி மாதிரி ஒரு கம்பியும். மரியாதையான பெண். ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தாள், கம்பியால் குத்திப் பார்த்தாள். சுற்றி முடித்து வந்தபோது முகம் வாடியிருந்தது.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க சார். பழசு எங்க?"

"இதுதாம்மா பழசு."

"இது எல்லாமே புது மரம் சார். பழசைப் பார்த்துச் செஞ்ச புதுக் கொட்டகை."

"இடம் பழசுதானேம்மா?" என்று கேட்டார் டாக்டர். கேட்டதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"ஒரு தூண், ஒரு நிலை, ஏதாவது ஒண்ணு பழசா இருந்தாப் போதும் சார். அதை வச்சு நான் எழுதிடுவேன்" என்றாள் அவள். உதவத்தான் பார்த்தாள், பாவம்.

நிலை! வாசல் நிலைக்கால் ஒன்று கடைசி வரை பழசாகவே இருந்தது. அடியில் மட்டும் கொஞ்சம் அரித்திருந்தது. அதிகாரி வரும்போது அசிங்கமாக இருக்கக் கூடாது என்று போன ஞாயிறுதான் அதையும் பிடுங்கினார்கள். பிரேக்கு அன்றைக்கும் "நில்லுங்க" என்றார். அவர் எதற்குத்தான் சொல்லவில்லை என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். மச்சான் அடுப்பு முன்னால் குந்தியிருந்தான். அதிகாரிக்கு டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன கட்டை அத்தான் இது! புகையே இல்லாம எரியுது" என்றான்.

டாக்டர் வெறுங்கையாலேயே அதை வெளியே இழுத்தார். நெருப்பை மண்ணில் தேய்த்து அணைத்து, சுட்ட கையோடு தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பெண் முன்னால் நீட்டினார். முழங்கை நீளக் கரி. அவள் கம்பியை எடுக்கவேயில்லை.

"சார், கையைத் தண்ணியில வைங்க" என்று மட்டும் சொன்னாள்.

'இந்தப் பல்லைக் காப்பாத்த முடியாதா டாக்டர்?' என்று எத்தனையோ பேர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். இப்போது கெஞ்ச வேண்டியது அவர் முறை. கெஞ்சவும் செய்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மதியத்துக்குள் நகரசபையிலிருந்து போன் வந்துவிட்டது, மறுநாள் காலையில் மெஷின் வருகிறதாம்.

மாடி ஏறும்போது மச்சானும் கூடவே வந்தான். தலைவி தலையை வாரி, பவுடர் போட்டு, தலையணையில் நிமிர்ந்து சாய்ந்திருந்தாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"எழுதிக் குடுப்பாங்களா?"

டாக்டர் கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"குடுப்பாங்களாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போடா, என் இடுப்பு போனா போகட்டும். கொட்டகை நின்னுடுச்சு பார்" என்று தம்பி கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"குளிர் காத்து அடிக்குது. கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போடட்டுமா?" என்றார் டாக்டர்.

"ஐயோ, வேண்டாங்க! இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கமா இழுத்துப் போடுங்க. காலையில கண்ணைத் திறந்ததும் நான் அதைத்தான் பார்க்கணும்."

டாக்டர் ஒரு பக்கம் பிடித்தார், மச்சான் ஒரு பக்கம் பிடித்தான். கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டார்கள்.