தாய்மாமாவின் சதுரம்

காலையில் அவன் முதலில் பால் காய்ச்சுவான். மகளின் சீருடையைத் தேய்த்து நாற்காலியில் போடுவான். ரொட்டியை வெட்டி டப்பாவில் அடைப்பான். குட்டியை எழுப்புவது கடைசியில்தான். கூப்பிட மாட்டான். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் பாதத்தைக் கையால் மூடிக்கொள்வான். சூடு ஏற ஏற அவளே கண் திறப்பாள். அந்த வீட்டில் அலாரம் கிடையாது. வாசல் மணியின் கம்பியைப் பிடுங்கியாகிவிட்டது.

மனைவி இறந்த பிறகு மகளுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கோடு சற்று நீண்டிருந்தது. நோய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடவும் முடியாது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் திடீர்ச் சத்தமே எமன் என்றார் மருத்துவமனையின் மரபணு ஆலோசகர். குடும்பப் படம் ஒன்று வரைந்து வரச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் சாய்கோடு, நோய் இருந்தவருக்கு உள்ளே கறுப்பு. மனைவி வழியில் இப்படி இன்னொரு சாவு இருந்தால் மாத்திரையை உடனே தொடங்கிவிடலாம்.

“எந்த நோயில செத்தாங்கன்னு கேக்காதீங்க” என்றார். “அதுக்கு முந்தின நிமிஷம் என்ன செஞ்சிட்டிருந்தாங்கன்னு கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனான். சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து ஸ்கேலை வைத்தான். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவன் பிழைப்பு; கோடு கோணாது. கொழுந்தி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என் வட்டம் மட்டும் ஏன் அத்தான் இவ்வளவு பெருசு?”

“அளந்துதான் போட்டிருப்பாரு” என்றார் மாமியார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் மாமியாரின் தம்பியைப் பற்றிக் கேட்டான். மாமியார் முகம் மாறியது. தம்பி குடித்துவிட்டு ஏணியில் ஏறி விழுந்தவன், ஊருக்கே தெரிந்த கதை, அதற்கு எந்த டாக்டர் மருந்து தரப்போகிறார் என்றார். சின்னவளுக்கு இப்போதுதான் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. இந்தத் தாள் அவர்கள் கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

அவன் தாளைத் தூக்கிப் பிடித்தான். துணி போனதும் அதே இடத்தில் வைத்தான். விழுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று திரும்பவும் கேட்டான். மாமியார் அடுப்படிக்குப் போனார். அவன் எழுந்திருக்கவில்லை. அன்று பதில் வாங்காமல் கிளம்புவதாக இல்லை.

கொழுந்தி அடுப்படி வாசலில் போய் நின்றாள். “அம்மா, என் வட்டமும் அந்தத் தாள்லதான் இருக்கு.”

பிறகு மாமியார் வந்து உட்கார்ந்தார்.

“நான்தான் ஏணியப் பிடிச்சிட்டிருந்தேன்.”

அதன் பிறகு அவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பி திரைச்சீலைக் கம்பி மாட்ட ஏறியிருந்தான். அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. வாசல் மணி அடித்தது; புது மணி, காதைக் கிழிக்கும். இவர் வாசல் பக்கம் திரும்பினார். அவன் விழுந்தான். கத்தவில்லை, கையைக்கூட ஊன்றவில்லை. குடிதான் காரணம் என்று பார்க்க வந்தவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். இவர் மறுக்கவில்லை.

“மறுத்திருந்தா, அக்காக்காரி கைய விட்டுட்டான்னு பேசியிருப்பாங்க மாப்பிள்ளை. நெஜமாவே விட்டிருப்பேன். இத்தன வருஷமா அதத்தான் நெனச்சிட்டிருக்கேன்.”

“ஏணி விழுந்துச்சா அத்தை?”

மாமியார் யோசித்தார். கைகள் இரண்டும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன.

“இல்ல” என்றார். “ஏணி நின்னுச்சு. அவன்தான் விழுந்தான்.”

அவன் பேனாவை எடுத்துத் தாய்மாமாவின் சதுரத்தைக் கறுப்பாக்கத் தொடங்கினான். நான்கு மூலைக்கும் மை போகும்வரை விடவில்லை. கொழுந்தி, தன்னையும் நாளைக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வருகிற இடம் வரட்டும், என் வட்டம் கறுப்பா இல்லையா என்று அந்த மாப்பிள்ளைக்கும் தெரிந்தே கட்டிக்கொடுங்கள் என்றாள். மாமியார் அவளைத் திட்டவில்லை. அவளுடைய போனை எடுத்துச் சத்தத்தை நிறுத்தி, கவிழ்த்து வைத்தார்.

பிறகு மூத்த மகளின் வட்டத்தில் விரலை வைத்தார்.

“இவ தூக்கத்துலதானே போனா?”

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் மாமியார் சொன்னது அது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள், அப்படியே போய்விட்டாள் என்பார். அவருக்குப் பிடிமானம் அது ஒன்றுதான் என்று அவனும் வாயைத் திறந்ததில்லை. இன்று அவர் தம் ஏணியை இறக்கி வைத்துவிட்டார். இனி இவனும் மறைப்பதற்கில்லை.

விடியும்போது அலாரம் அடித்தது என்றான். அவள் விழித்திருந்தாள். அவன் எட்டி அதை அமுக்கிவிட்டுத் திரும்பினான். அதற்குள் அவள் மூச்சு நின்றிருந்தது.

“அப்ப, குழந்தையப் பாத்துக்கோங்கன்னு அவ சொல்லல.”

“இல்ல அத்தை.”

“என்ன சொன்னா?”

அவன் பேனாவை மூடினான்.

“அத நிறுத்துங்க, குட்டி முழிச்சுக்கப் போறா.”