பேர் தெரியாத முள்செடி

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சிக்குப் போன என் தம்பி ஞானமுத்து, கையில் ஒரு மண்தொட்டியோடு ஏலாக்குறிச்சிக்குத் திரும்பினான். தொட்டிக்குள் பச்சையாக, உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு செடி. நர்சரியில் வாங்கினானாம். மற்ற செடிகளுக்கெல்லாம் பேர் எழுதிச் சீட்டுக் குத்தியிருந்தார்களாம், இதற்கு மட்டும் இல்லையாம். கட்டின பெண்டாட்டி விண்ணரசிக்கு ஒரு மல்லிகைப் பதியன் வாங்கி வரத் துப்பில்லை, முள்ளை வாங்கி வந்திருக்கிறான்!

"நான் வர்ற வரைக்கும் இது ஒன்கிட்ட இருக்கட்டும்" என்று விண்ணரசியிடம் கொடுத்துவிட்டு, மறுவாரம் அரியலூரில் ரயிலேறி பர்மா சண்டைக்குப் போய்விட்டான்.

அவளுக்கு அது செடியில்லை, புருஷன் உயிர். "இது என்ன செடி அண்ணி? பேர் தெரிஞ்சாத்தானே எவ்ளோ தண்ணி ஊத்தணும்னு யாரையாச்சும் கேக்கலாம்?" என்று நாத்தனாரான என் பிராணனை வாங்கினாள். எனக்கென்ன தெரியும்? பக்கத்துக் காட்டுக்காரர் தர்மராஜ் பார்த்துவிட்டு, "சப்பாத்திக்கள்ளிச் சாதிதான். காடு பூரா பரவிடும், தூக்கி எறிங்க" என்றார். சப்பாத்திக்கள்ளி தட்டையாக அல்லவா இருக்கும்? பள்ளிக்கூடத்துச் செல்வநாதன் சார் ஊசியால் குத்திப் பார்த்தார். பால் வரவில்லை. "கள்ளின்னா பால் வரணுமே" என்று அவரும் முழித்தார். சப்பாத்திக்கள்ளிக்குப் பால் ஏது என்று தர்மராஜ் மல்லுக்கு நிற்க, எனக்குத் தலை சுற்றியது.

தம்பியிடமிருந்து கடுதாசி வருவது நின்றது. விண்ணரசி தினமும் அடைக்கல மாதா குளத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து, அருள் நிறைந்த மரியே சொல்லிச் செடிக்கு ஊற்ற ஆரம்பித்தாள். நோய் தீர்க்கிற தண்ணீர் ஆயிற்றே! செடி மஞ்சளடித்தது. பயந்துபோய் இன்னொரு செம்பு சேர்த்து ஊற்றினாள். அடி கொழகொழத்துப் போயிற்று.

"தண்ணி அதிகமோ என்னமோடி" என்றேன்.

"மாதா தண்ணி எப்படி அண்ணி கெடுதல் பண்ணும்?"

ஊற்றாதே என்றால் நம்பிக்கை கெட்டவள் ஆவேன். ஊற்று என்றால் செடி செத்துப்போகும். செத்தால் இவள் தாங்கமாட்டாள். குளத்துக்குப் போகிறவளுக்குச் செம்பைக் கழுவிக் கொடுத்தேன்.

சண்டை முடிந்து, போனவர்கள் ஒவ்வொருத்தராக ஊர் திரும்பினார்கள். ஒருநாள் காலை, விண்ணரசி செம்போடு தொட்டியிடம் குனிந்தபோது, எலும்பும் தோலுமாக ஞானமுத்து வாசலில் நின்றான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளோ, வாங்க என்றுகூடச் சொல்லாமல், "இது என்ன செடிங்க?" என்றாள்.

"விக்கிறவனுக்கே தெரியல. தண்ணியே ஊத்தலன்னாலும் அது பாட்டுக்குக் கெடக்கும்னான். அதான் வாங்குனேன்."

அவன் தொட்டியை நகர்த்தினான். செடி அடி அழுகிக் கழன்று விழுந்தது.

"நான் வராமப் போயிட்டா, நீ இதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே காத்துக் கெடக்கக் கூடாதுன்னுதான் புள்ள..."

விண்ணரசி செம்புத் தண்ணீர் முழுவதையும் அவன் தலையில் கவிழ்த்தாள்.