கார் கதவில் கேட் பெயிண்ட்

வெட்டி கௌரவம் என்றால் என்னவென்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

அண்ணி மூன்று மாதம் மல்லுக்கட்டித்தான் அண்ணனைச் சம்மதிக்க வைத்திருந்தார். திங்கள்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கு அவரே காரை ஓட்டிக்கொண்டு போகலாம். "ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும்" என்பது அண்ணன் போட்ட கண்டிஷன். எனக்கோ, பைக்கை இரண்டு தடவை சாக்கடையில் இறக்கிய பிறகு, அந்தக் காரைத் தொடவே தடை. தொட்டேன். சனிக்கிழமை மதியம் அண்ணி அசந்து தூங்கும் நேரம் பார்த்து எடுத்துப்போய், திரும்பும்போது கேட் தூணில் உரசித் தொலைத்தேன். இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. அண்ணன் வர நாலு மணி நேரம் இருந்தது.

பெயிண்ட் கடைக்காரர் இரண்டு ஸ்ப்ரே டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"இது காய ஒரு நாள் ஆகும். இது அரை மணி நேரத்துல காஞ்சிடும். ஆனா அடியில என்ன பெயிண்ட் இருக்குன்னு தெரியணும். எனாமல் மேல இதை அடிச்சா, மொத்தத்தையும் உரிச்சுத் தூக்கிடும்."

அடியில் இருந்தது எனாமலேதான். வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சியதை அண்ணனும் நானும் பிரஷ்ஷால் பூசிய கதவு அது. கடையில் வேறு நாலு பேர் நின்றிருந்தார்கள். காருக்கு கேட் பெயிண்ட் அடித்தோம் என்று அவர்கள் எதிரில் எந்த வாயால் சொல்வது?

"கம்பெனி பெயிண்ட்தாங்க. நாங்க என்ன கண்டதையும் அடிக்கிற ஆளா?" என்று எகிறினேன்.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்று அரை மணி நேர டப்பாவைக் கொடுத்தார்.

உப்புத்தாளால் தேய்த்தேன். கண்ணாடியில் பேப்பர் ஒட்டினேன். முதல் பூச்சு பளபளவென்று நின்றது. ஒருவேளை தப்பித்துவிட்டோமோ என்று விசில்கூட அடித்தேன். இரண்டாவது பூச்சில் கதவு பாலாடை மாதிரி சுருங்க ஆரம்பித்தது. பதறிப்போய்த் துணியால் துடைத்தால், கொத்தாக உரிந்து கையோடு வந்தது. ஐயோ என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் அண்ணியும் எழுந்து வந்தார்.

"அதுக்குள்ள இடிச்சாச்சா?" அண்ணன் கேட்டது அண்ணியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பாவம், அண்ணியக் காப்பாத்தலாம்னு இறங்கிட்டியாடா?"

அண்ணி காரைத் தொட்டே நாலு நாள் ஆகியிருந்தது. என் கையில் ஒட்டியிருந்த பெயிண்டைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி நின்றார். அவமானத்தில் என் காது கொதித்தது.

"ஆமாண்ணே" என்றேன்.

அண்ணி உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல் கேட்டார்.

"திங்கக்கிழமை காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு, தம்பி?"

"அஞ்சே கால், அண்ணி" என்றேன். அதற்கு மட்டும் எனக்கு வாய் வந்தது.