ரொம்ப எஸ்கிசீத்து

என் அக்கா ஒதீலியாவின் சமையலைக் குறை சொன்னவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. எங்கள் பாதிரியார் மழை பெய்தாலும் குறை சொல்வார், பெய்யாவிட்டாலும் சொல்வார். அவரே அக்காவின் கோழிக்குழம்பு முன்னால் வாயை மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவள் வீட்டில், பெண் கேட்டு வந்த ஸ்காட்லாந்துக்காரன் முதல் வாய் விழுங்கியதும் உரக்கச் சொன்னான்: "ரொம்ப எஸ்கிசீத்து!"

எஸ்கிசீத்து என்றால் எங்கள் பிரேசில் போர்த்துகீசில் ஒரு மாதிரியானது, கோணலானது, என்னவோ சரியில்லாதது. காலுறையைக் கழற்றாமல் அருவியில் குளிக்கிறவன் எஸ்கிசீத்து. மூன்று நாள் வெயிலில் கிடந்த மீனின் வாசனை எஸ்கிசீத்து. கோழிக்குழம்பை அப்படிச் சொல்ல, உயிர்மேல் ஆசையுள்ள யாருக்கும் துணிச்சல் வராது.

பையன் பெயர் ஃபெர்கஸ். சுரங்கத்தில் பொறியாளர். பெலோ ஒரிசோன்ட்டி நகரத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் தைனாராவை அங்கேதான் பிடித்தான், அல்லது அவள் இவனைப் பிடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஊரில்தான் இருப்போம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று தைனாரா சத்தியம் செய்த பிறகுதான், விதவையான என் அக்கா, "சரி, மூஞ்சியக் காட்டச் சொல்லு" என்றாள். அன்றைக்கு அவள் சம்மதம் சொன்னால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அம்மாவை மீறி மோதிரம் எதுவும் வேண்டாம் என்று தைனாராவே சொல்லியிருந்தாள்.

வெண்டைக்காய் போட்ட கோழி, சோளமாவுக் களி. எங்களுக்குப் பெரிய பாத்திரத்தில். அவனுக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி மண்சட்டி. மாப்பிள்ளை உபசாரம் என்று நினைத்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. தைனாரா குவரானா சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"லெனீசி, இவன் என்னடி சொன்னான்?"

"எனக்குக் காது சரியா கேக்கல அக்கா," என்றேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

எங்கள் மாமா மகன் வாண்டர்லே முட்டாள். ஆறே மாதத்தில் ஆங்கிலம் என்று பலகை மாட்டிப் பிழைப்பவன். மொழிபெயர்க்கத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சமையல் ஒரு மாதிரியா இருக்காம் ஒதீலியாக்கா. வெள்ளைக்காரங்க மனசுல பட்டத அப்படியே சொல்லிடுவாங்க, பாவம்," என்றான்.

ஃபெர்கஸ் இன்னும் சிரித்துக்கொண்டே, கண் கலங்க, அடுத்த வாயை விழுங்கினான்.

"எந்திரிச்சுப் போகச் சொல்லு அவன," என்றாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து தைனாரா பாட்டில்களோடு உள்ளே வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவனிடம் ஆங்கிலத்தில் படபடவென்று பேசினாள், அவனும் படபடத்தான். பிறகு அவள் போனைத் தட்டி அகராதியைத் திறந்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரும்மா. எக்ஸ்குவிசிட்! அவன் சொல்ல வந்தது இதுதான். நேர்த்தியானது, அருமையானதுன்னு அர்த்தம். நம்ம மொழியில 'ரெக்கிந்தாது'ன்னு சொல்லணும். இவன் வால்ல ஒரு 'உ' சேத்தா போர்த்துகீசு ஆயிடும்னு நெனச்சுட்டான்."

"யாருடி அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

எல்லோரும் வாண்டர்லேயைப் பார்த்தோம். காலையில் பேருந்து நிலையத்திலிருந்து அவனைக் கூட்டிவந்தவன் இந்த மகான்தான். வாண்டர்லே களியை உற்றுப் பார்த்தான்.

நான் மூச்சு விட்டேன். இனி அக்கா சிரிப்பாள், கட்டிப்பிடிப்பாள், காபி போடுவாள். ஆனால் அவள் முகம் இன்னும் கறுத்தது.

"அப்போ இவன் பொய்யன்."

"அம்மா!"

"லெனீசி, அந்தச் சட்டியில விரல விட்டு நக்கிப் பாரு."

நக்கினேன். கடவுளே. கருவாடு ஊறப்போட்ட தண்ணீர்கூட அப்படி இருக்காது. நாக்கு சுருண்டுபோய் குவரானாவைப் பாட்டிலோடு குடித்தேன்.

"வேணும்னேதான் உப்பக் கொட்டுனேன்," என்றாள் அக்கா, கொஞ்சமும் வெட்கமில்லாமல். "ஓடுறானா பாக்கலாம்னு. மோசம்னு சொல்லியிருந்தா மரியாதை தெரியாதவன்னு அனுப்பியிருப்பேன். இது அதவிட மோசம். இதப் போயி அருமைன்னு சொல்றவன் நாளைக்கு உங்கிட்ட என்னென்ன சொல்லுவான், தைனாரா?"

வாண்டர்லே போனை எட்டிப் பார்த்து, "இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கு. வலியப் பத்திச் சொன்னா, தாங்க முடியாத கடும் வலின்னு. அதையும் மனசுல வெச்சுச் சொல்லியிருக்கலாம்," என்றான்.

"நீ ஒரு வார்த்த பேசுன, இந்தக் கரண்டி ஒன் மண்டையில."

அக்கா நாற்காலியை ஃபெர்கஸுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்:

"குழம்பு எப்படி? உண்மையச் சொல்லு."

அவன் தைனாராவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "உப்பு," என்றான். "ரொம்ப, ரொம்ப உப்பு. மன்னிக்கணும், அம்மா."

"எம்பொண்ண ஒங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போவியா?"

தைனாரா அவன் தோளில் கை வைத்தாள். அது 'சொல்லாதே' என்கிற கை என்று எனக்குப் புரிந்தது, அவனுக்கும் புரிந்தது. ஆனாலும் அவன் சொன்னான்:

"ஆமா. மார்ச்ல. வேலை அங்க. தைனாரா... உங்களுக்கு... சொல்லலையா?"

தைனாரா தரையைப் பார்த்தாள். உப்பைத் தின்றவனை நாங்கள் பொய்யன் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, சத்தியம் செய்தவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தன் தட்டை, நல்ல கோழி இருந்த தட்டை, அவன் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு. ஒங்க ஊர்ல வெண்டைக்கா கெடைக்குமா?"

"கெடைக்கும்மா," என்று தைனாரா அழுதுகொண்டே முந்தினாள். "எல்லாக் கடையிலயும் கெடைக்கும், நம்ம ஊரு மாதிரியே..."

"நீ பேசாத. அவன் சொல்லட்டும்."

ஃபெர்கஸ் யோசித்தான். "நான் பாத்ததில்ல," என்றான். "எங்க ஊர்ல உருளைக்கிழங்குதான்."

அதற்குத்தான் என் அக்கா அழுதாள். வாய்விட்டு அழுதாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு. பெற்ற மகள் பக்கத்திலேயே நின்றாள், அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை.