கூரைக்கு ஒரு புள்ளி

நகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் தம்பிக்குக் கிடைத்த வேலை, கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, தெரிகிற ஒவ்வொரு வீட்டுக் கூரைமேலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் நெருங்கி இருக்கும் ஊர்வரை நகரத்தின் எல்லைக்கோடு நீளும். கோட்டுக்குள் வந்த ஊருக்குச் சாலை, பஸ் எல்லாவற்றையும் இனி நகரம்தான் திட்டமிடும். கிழக்குப் பக்கம் முழுக்கத் தம்பி பொறுப்பு. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் அந்தப் பக்கம்தான்.

அந்த ஊர் கோட்டுக்குள் விழப்போகிறது என்று தெரிந்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக அங்கே போனான்.

"மாமா, இனிமே நீங்க சிட்டிக்காரர்!"

அக்கா புருஷன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. "அப்ப சட்டை போட்டுக்கிட்டுத்தான் படுக்கணுமா மாப்ள?" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "வேன் டிரைவர் வேற மாதிரி சொல்றாரேடா."

வாரம் மூன்று முறை மாமாவை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடுவது மாவட்டத்தின் இலவச வேன். அது கிராமத்து நோயாளிகளுக்கு மட்டும் என்று விதி. கோட்டுக்குள் வந்துவிட்டால் ஊர் கிராமம் இல்லை. கிராமம் இல்லையென்றால் வேனும் இல்லை.

"அதுக்குப் பதிலா சிட்டி பஸ் வரும்க்கா."

"எப்ப?"

தம்பிக்குத் தெரியும். திட்டத்தின் நாலாம் கட்டத்தில். இன்று பிறக்கிற பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போய்விடும். எழுந்து, டிரைவரிடமே கேட்டுவிடலாம் என்று அவர் வேனை நிறுத்தும் ஊர்க்கோடிக்குப் போனான். அந்தப் பக்கம் அவன் போனதே இல்லை.

நாற்றம்தான் முதலில் வந்தது. பிறகு கொட்டகைகள் தெரிந்தன. வரிசை வரிசையாக, நீள நீளமாக, உள்ளே கோழிகள். நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்கு நீளக் கூரை என்றால் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள்தான். ஒவ்வொரு கொட்டகையையும் பத்து வீடாக நறுக்கி, பத்துப் புள்ளி வைத்திருந்தான். ஊரைக் கோட்டுக்குள் இழுத்துவந்தது கோழிகள்!

மறுநாள் திட்ட மேலாளரான மேடத்திடம் சொன்னபோது அவர் சிரித்தேவிட்டார். "கோழிக்கா வீடு கொடுத்த? சரி விடு. நான் ஒரு காலத்துல சுடுகாட்டுக்கு பஸ் ஸ்டாப் போட்டவதான். எல்லையை முடிவு பண்ற குழு ஓட்டுப் போடறதுக்குள்ள திருத்திடலாம். ஆமா, லீவு நாள்ல அங்க உனக்கென்ன வேலை?"

"எங்க அக்கா வீடு மேடம்."

சிரிப்பு நின்றது. "அத ஏம்ப்பா முதல்லயே சொல்லல? இப்ப நீ புள்ளிய எடுத்தா, அக்காவுக்காக எடுத்தான்னுதான் பேச்சு வரும். இனிமே அந்தப் பக்கமே தொடாத. வேற ஆள அனுப்பிப் பார்க்கச் சொல்றேன்."

வேறு ஆள் போகவேயில்லை. குழு கிழக்குப் பக்கம் முழுவதற்கும் ஒரே மூச்சில் கையைத் தூக்கியது. மாத முடிவில் வேன் நின்றது.

அலுவலக நண்பனின் காரை இரவல் வாங்கித் தம்பியே மாமாவை ஏற்றிப்போனான். லீவு தீர்ந்தது. நண்பனின் முகமும் சுண்டியது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்பது இரண்டானது. மாமாவின் காலும் முகமும் வீங்கின.

"சிட்டிக்காரன்னா கொஞ்சம் பூசினாப்ல இருக்கணும்ல மாப்ள?" என்றார் அவர்.

"வாய மூடிக்கிட்டு வாங்க," என்றாள் அக்கா.

ஒருநாள் காலை மேடம் கூப்பிட்டார். "குழு இன்னைக்குத் திருத்த மனு கேக்குது. அங்க அனுப்ப ஆளே கிடைக்கல, கோழிக் கொட்டகை விஷயத்த நீயே வந்து சொல்லிடு. சீக்கிரம் முடிஞ்சிடும்."

அன்று மாமாவுக்கு டயாலிசிஸ் நாள். தம்பி யோசித்தான். இது சரியானால் வேன் திரும்பி வரும். கொஞ்சம் பிந்தினால் என்ன? கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே டீ போனது, காலிக் கோப்பைகள் வந்தன. மதியம் கதவைத் திறந்த ஆள், "மனுவெல்லாம் அடுத்த கூட்டத்துக்கு," என்றான்.

அவன் ஊருக்குப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மாமாவின் இடத்தில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

"நேரத்துக்கு வரலன்னா நாங்க என்னங்க பண்றது?" என்றாள் நர்ஸ். "நாளைக்குக் காலைல முத ஆளா வாங்க. ஐயா, மூச்சு ஏதும் வாங்குதா?"

மாமா மச்சினனின் முகத்தைப் பார்த்தார். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்," என்றார்.

வீடு திரும்பும் பாதி வழியில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தம்பி காரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான். லாரிகளுக்கு நடுவே ஹாரனை அழுத்திக்கொண்டே பறந்தான். "இதோக்கா, வந்துட்டோம். இந்தா வந்துட்டோம்."

பின்சீட்டில் அக்கா அவர் தலையை மடியில் பிடித்திருந்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்த கை நின்றது.

"மெதுவா ஓட்டு," என்றாள்.

அவன் இன்னும் வேகமாக மிதித்தான்.

"மெதுவா ஓட்டுடா. இனிமே என்ன அவசரம்? தலை ஆடுது பாரு."