கட்டுப்பல்

பன்னிரண்டு வருடம் படக் கம்பெனிகளின் படியேறி இறங்கிய பிறகு தம்பிக்கு நாற்பது நொடி கிடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் தகப்பன் வேடம். டாக்டர் வெளியே வந்து குழந்தை பிழைக்கவில்லை என்பார். இவன் அழ வேண்டும். அதற்காக ஒரு மாதம், தான் தங்கியிருந்த அக்கா வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுது பழகினான்.

அக்கா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒத்திகையில் விழுந்து உடைந்த அவனுடைய முன்பல்லுக்கு மாற்றாக, நிறம் பார்த்துப் பார்த்து மூன்று தடவை அழித்துச் செய்து கொடுத்ததும் அவள்தான். அது கட்டுப்பல் என்பது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

படம் வந்து நாலாம் நாள், அந்தக் காட்சியை மட்டும் வெட்டி யாரோ இணையத்தில் போட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கருத்துகளைப் படித்தாள்.

“அண்ணன் அழுறாரா, தும்மல் வராம தவிக்கிறாரா?”

“குழந்தை போன துக்கமா தெரியல, கடைசி பஸ் போன துக்கம் மாதிரி இருக்கு.”

‘ஓரமா நிக்கிறேன்’ என்பது இணையத்தில் அவள் வைத்திருந்த புனைபெயர். நடிகர்களைக் கிண்டலடிக்கும் கூட்டத்தில் அவளும் பழைய ஆள்தான். “நல்லாத்தான நடிச்சிருக்கார், எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு” என்று எழுதினாள். உடனே பதில் வந்தது: “வீட்டுக்காரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா.”

நேராகச் சொன்னால் எடுபடாது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு அவன் பக்கம் திருப்பலாம் என்று கணக்குப் போட்டாள். எழுதினாள்:

“அண்ணனை விடுங்க. மேல்வரிசையில அந்தக் கட்டுப்பல்லைப் பாருங்க. அது ஒண்ணுதான் மனசார அழுதிருக்கு.”

கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோது அறுநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை அவளால் மறுக்க முடியவில்லை. திருப்ப வேண்டியதை எழுதுவதற்குள் கூடத்து மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

சாயங்காலத்துக்குள் தம்பியின் திறந்த வாய் கேலிப்படமாகிவிட்டது. ‘கட்டுப்பல்லார்’ என்று பேர் வைத்து, பல்லுக்கு மாலை போட்டு, விருது கொடுத்து, ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் வரியை அழித்தாள். கேலிப்படம் அழியவில்லை. கடைசியில், “நான் அவனோட அக்கா. அவன் ரொம்பக் கஷ்டப்பட்டவன், தயவுசெஞ்சு விட்டுருங்க” என்று எழுதினாள்.

“அக்கா, உங்களுக்கும் கட்டுப்பல்லா?” என்று ஒருவன் கேட்டான்.

மறுவாரம் இயக்குநரின் உதவியாளர் போன் செய்தார். அடுத்த படத்தில் தம்பிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது சாவு வீட்டுக் காட்சி. “தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பார்த்ததும் தியேட்டர்ல சிரிச்சிருவாங்க.” தம்பி, “சரிங்க” என்று வைத்துவிட்டான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மென்று விழுங்கினாள். “நான் ஒண்ணு சொல்லணும்டா.”

“தெரியும்க்கா.”

“எப்படி?”

“கட்டுப்பல்லுன்னு வேற யாருக்குத் தெரியும்?”

“உனக்காகத்தான்டா எழுதினேன். முதல்ல சிரிச்சாங்கன்னா அப்புறம்...”

“ம். சிரிப்பு நல்லாத்தான் வந்துச்சு. எனக்கே வந்துச்சு.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மத்தவங்க எழுதினதையெல்லாம் தாங்கிக்கிட்டேன். ஏதோ தெரியாதவங்கன்னு.”



அவன் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பெட்டிகளை அடுக்குகிற வேலை, பேச வேண்டியதில்லை. வீட்டிலும் வாய் திறப்பது குறைந்துபோனது. எது கேட்டாலும் ‘ம்’. மாதங்கள் போயின. இணையத்தில் வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள்; அந்தக் காட்சியை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. “என்னை ஒரு தடவை திட்டவாச்சும் செய்டா” என்றாள்.

அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.